ஊருக்குத் தெரியாத கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்தால்…

காவிரிக்கரை_அப்பா
வணக்கம். நான் கும்பகோணம். என் பெண் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம். சிறுசேரியில் இருக்கிற சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட், அதாவது சிஎம்ஐ, நுழைவுத் தேர்வு எழுதினாள். பி.எஸ்சி. ஆனர்ஸில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்னொரு பக்கம், டிவியில் ஓயாமல் விளம்பரம் வருகிற ஒரு பெரிய தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ் இடமும் கையில் இருக்கிறது.

பெண் தீர்மானமாக இருக்கிறாள். பிரச்சினை வீட்டுப் பெரியவர்களிடம். என் சித்தப்பா வேலூர் மருத்துவக் கல்லூரி என்று நினைத்துக்கொண்டு போனில், “சிஎம்சியா! டாக்டர் பேத்தி வந்தாச்சு” என்று வாழ்த்தினார். விளக்கிச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது. அப்பா கேட்டார்: “பி.எஸ்சி. கணக்குக்கு எதுக்குடா சென்னை? நம்ம கவர்ன்மென்ட் காலேஜ் என்ன ஆச்சு?” கல்விக் கடன் கேட்டுப் போன வங்கியில் மேலாளர் கம்ப்யூட்டரில் பத்து நிமிஷம் தேடிவிட்டு, “எங்க லிஸ்ட்ல இந்தப் பேரே காணோமே சார்” என்றார்.

ராமானுஜன் வாழ்ந்த வீடு எங்கள் ஊர் சாரங்கபாணி சன்னதித் தெருவில்தான் இருக்கிறது. வெளியூர் விருந்தாளி யார் வந்தாலும் அப்பா முதலில் அங்கேதான் கூட்டிப் போவார். அந்த மனிதருக்கே கணக்குப் படிக்கிற இடம் எதுவென்று தெரியவில்லை.

படிப்பு நல்ல படிப்பு என்று எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு. பெயர் யாருக்கும் தெரியாததால் பின்னால் அவளுக்கு ஏதாவது கஷ்டம் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஆர்இசி
சார், என் கதையைக் கேளுங்கள். 2000-த்தில் நான் சேர்ந்தபோது அது திருச்சி ஆர்இசி, அதாவது மண்டலப் பொறியியல் கல்லூரி. துவாக்குடி ஆர்இசி என்றால் டவுன் பஸ் கண்டக்டர்கூடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார். 2003-ல் என்ஐடி என்று பெயர் மாற்றினார்கள். எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை, தேசிய நிறுவனம் அல்லவா. படிப்பை முடித்து ஊருக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாமா, “என்ஐஐடியா? மெயின் ரோட்டுல மாடியில இருக்கே, ஆறு மாச கோர்ஸ்தானே?” என்றார். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். நாலு வருஷப் படிப்பு ஒரே நொடியில் ஆறு மாசமாகச் சுருங்கியது.

என் அம்மா இன்றைக்கும் ஆர்இசி என்றுதான் சொல்கிறார். நானும் திருத்துவதில்லை.

குரோம்பேட்டை_87
இதற்கே இப்படியா? நாங்கள் குரோம்பேட்டை எம்ஐடியில், அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் படித்தோம். எம்ஐடி என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் அமெரிக்காவா என்பார்கள், தெரியாதவர்கள் பாலிடெக்னிக்கா என்பார்கள். சி. ராஜம் என்பவர் தன் சொத்தைக் கொடுத்து 1949-ல் தொடங்கிய இடம். 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், கட்டடக் கலைப் பள்ளி இவற்றோடு இதையும் சேர்த்தார்கள். ஆனாலும் எங்கள் வீட்டுக்காரர்களுக்குப் புரியவைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது: “அப்துல் கலாம் படிச்ச காலேஜ்.” அவர் ஜனாதிபதி ஆன பிறகு அதையும் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

உங்கள் பெண்ணுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். சிஎம்ஐயில் படித்த யாராவது ஜனாதிபதி ஆகும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள். :)

அரட்டை_அண்ணாச்சி
ரெண்டையும் விட்டுட்டு டிஎன்பிஎஸ்சி எழுதச் சொல்லுங்க. ஊருக்கே தெரியும்.

ஓஎம்ஆர்_வாசி
நான் சிறுசேரி சிப்காட்டில் தினமும் போய்வருகிறவன். அந்த வளாகத்துக்கு எதிரே நின்றுகொண்டு ஆட்டோக்காரரிடம் சிஎம்ஐ எங்கே என்றால் யோசிப்பார். டிசிஎஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போவார். இவ்வளவு பெரிய ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே ஒரு சின்ன வளாகம் யார் கண்ணில் படப்போகிறது?

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், அப்பாவிடம் சொல்ல உதவும். 1989-ல் ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையில் ஒரு கணிதப் பிரிவாகத் தொடங்கியது. ஆமாம், உர மூட்டையில் பெயர் பார்ப்போமே, அதே ஸ்பிக்தான். தொடங்கி நடத்தியவர் சி. எஸ். சேஷாத்ரி, உலகம் அறிந்த கணித மேதை. முதலில் தி. நகரில் இருந்தது. இளநிலைப் படிப்பு 1998-ல் வந்தது, சிறுசேரிக்கு 2005-ல் குடிவந்தார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2006-ல் நிகர்நிலை அந்தஸ்து கிடைக்கும்வரை அவர்களால் சொந்தமாகப் பட்டம் கொடுக்க முடியாது. மத்தியப் பிரதேசத்து போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் பட்டம் வாங்கினார்கள். அந்த முதல் சில செட் பிள்ளைகளின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். சென்னையில் படிப்பு, சான்றிதழ் போபாலிலிருந்து, அதுவும் திறந்தநிலை. உறவுக்காரர்களிடம் என்னவென்று சொல்லியிருப்பார்கள்! அந்தக் காலத்துப் பிள்ளைகளிலும் வெளிநாட்டில் பெரிய இடங்களுக்கு ஆராய்ச்சிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே சேர்த்துக்கொண்டவர்கள் சான்றிதழின் தலைப்பைப் பார்க்கவில்லை, பாடம் நடத்தியவர் யார் என்று பார்த்தார்கள்.

கணக்கு_டீச்சர்
தம்பி, நான் அரசுக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் இழையைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

என் மாணவன் ஒருவனுக்குக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.ஸ்டாட். இடம் கிடைத்தது. மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய நிறுவனம், அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுருக்கமாக ஐஎஸ்ஐ. அவனுடைய பாட்டி என்னிடமே வந்து, “குக்கர்ல முத்திரை குத்துற ஆபீஸாமே, அதுக்கு எதுக்கும்மா கல்கத்தா வரைக்கும் போகணும்?” என்று கேட்டார். இன்னொரு உறவினர் பாகிஸ்தான் உளவுத்துறை வரைக்கும் போய்விட்டார். 2007-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு வாங்கிய நம்ம ஊர் வரதன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனது அந்தக் ‘குக்கர் ஆபீஸுக்கு’த்தான். 

சேஷாத்ரி பற்றி மேலே எழுதியிருந்தார்கள். அவர் படித்தது லயோலாவில். அங்கே ரசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கணக்கு நடத்தினார். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் இரண்டு பேரும் அவரிடம் படித்துவிட்டுப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். 1965-ல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றைக்கும் அவர்கள் இருவர் பெயராலேயே வழங்குகிறது. லயோலா பெயர் சென்னையில் யாருக்குத் தெரியாது? ஆனால் ரசீன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பையன்களை உருவாக்கியது கல்லூரி வாசலில் இருக்கும் பலகையா, அந்தப் பாதிரியாரா?

உங்கள் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குத் தென்னாட்டின் கேம்பிரிட்ஜ் என்று பெயர். அதே கல்லூரியில்தான் ராமானுஜன் மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பெயர் பெற்ற கல்லூரி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்திவிடுமா என்ன?

முதல்_பட்டதாரி
டீச்சரம்மா சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் எல்லோரும் பெரியவர்களின் அறியாமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பண்ருட்டிப் பக்கம் கிராமம். என் அப்பாவுக்கு எந்தெந்தக் கல்லூரி தெரியும் தெரியுமா? எங்கள் தெரு முனையில் காலை ஏழு மணிக்கு எந்தக் கல்லூரிப் பேருந்து நிற்கிறதோ அது தெரியும். மூன்று கல்லூரிப் பேருந்துகள் வரும். மஞ்சள் வண்டி, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பெயர். ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே வந்து நிற்கிற பெயர்தான் அவரைப் பொறுத்தவரை கல்லூரி. அப்புறம் ஜிப்மர் தெரியும். அது மருத்துவக் கல்லூரி என்பதால் அல்ல, தாத்தாவை அங்கே சேர்த்து வைத்தியம் பார்த்தோம்.

அரசுப் பொறியியல் கல்லூரிகள் இந்த விஷயத்தில் ரொம்பப் பாவம். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியை, அதாவது ஜிசிடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரி. கவுன்சலிங்கில் நல்ல கட்-ஆஃப் உள்ளவர்கள் தேடி எடுக்கிற இடம். அவர்கள் பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் கொடுப்பதில்லை, தியேட்டரில் இடைவேளையில் வருவதில்லை. அங்கே இடம் கிடைத்து நான் ஊருக்கு வந்து சொன்னபோது, “கவர்ன்மென்ட் காலேஜா? பிரைவேட்ல கிடைக்கலையா?” என்று பரிதாபமாகக் கேட்டார்கள். கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, கவர்ன்மென்ட் பள்ளிக்கூடம் என்று அவர்கள் பட்டதை வைத்துக் கேட்டார்கள். அதில் தப்பில்லை. என்ஜினீயரிங்கில் மட்டும் கணக்குத் தலைகீழ் என்று அவர்களுக்கு யார் சொன்னது? 

அதனால் அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் கேட்பது, “நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?” என்பதுதான். பெண் வெளியூர் போய்ப் படிக்கிறாள் என்றால் ஊரில் பதில் சொல்லப்போவது அவர். அவருக்கு ஒரு பதில் கொடுங்கள்.

பழைய_ஆர்இசி
முதல்_பட்டதாரி தம்பி, நெத்தியடி. அந்த ஏழு மணி பஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் யோசிக்கும்போது ஆராய்ச்சி, பிளேஸ்மென்ட், மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை என்று யோசிக்கிறோம். ஐஐடி மெட்ராஸ் 2019-லிருந்து ஒட்டுமொத்தப் பட்டியலில் முதலிடம், ஆனால் அது தெரிந்தா ஊர் ஐஐடியை மதிக்கிறது? அந்தப் பட்டியல் 2016-ல் வருவதற்கு முன்னாலேயே மதித்தது. இவ்வளவுக்கும் ஐஐடியையும் ஐடிஐயையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிற பெரியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

கிண்டிக்காரி
அண்ணா பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டீர்களே! எங்கள் கஷ்டம் நேர் எதிர். பெயர் தெரியாமல் இல்லை, எல்லோருக்கும் அதே பெயர். 2001-ல் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைத்தார்கள். அதற்குமுன் சென்னை, மதுரை காமராசர், பாரதியார் என்று அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகத்தின் கீழே இருந்தவை. இணைப்புக்குப் பிறகு 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பிள்ளைகள் “அண்ணா யூனிவர்சிட்டி” என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, பட்டச் சான்றிதழில் அந்தப் பெயர்தானே இருக்கிறது.

1794-ல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி எங்களுடையது. நான் கல்யாணத்துக்குப் போகிற இடத்தில் “அண்ணா யூனிவர்சிட்டி” என்றால், “அப்படியா, எங்க பையனும் அண்ணா யூனிவர்சிட்டிதான், எந்தக் காலேஜ்?” என்பார்கள். “கிண்டி” என்பேன். “ஓ, கிண்டி பக்கமா தங்கியிருந்தியா?” ஒருமுறை அல்ல, மூன்று முறை நடந்திருக்கிறது. 

இன்னொரு கூத்து 2017-ல் நடந்தது. நிகர்நிலை நிறுவனங்கள் பெயருக்குப் பின்னால் ‘யூனிவர்சிட்டி’ போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 123 நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. பலகையை மாற்றினார்கள். ஊர் வாயை மாற்ற முடியுமா?

வேலூர்_மாப்பிள்ளை
சிஎம்சி என்று சித்தப்பா நினைத்ததில் ஒரு பாடம் இருக்கிறது. 1900-த்தில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இன்றைக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எல்லாவற்றிலும் வங்காளி எழுத்து. கல்கத்தாவில் ஒரு டீக்கடைக்காரருக்கு வேலூர் தெரியும், நம்ம ஊரில் அவருக்கு வேறு எந்த இடம் தெரியுமோ தெரியாது. விளம்பரமா கொடுத்தார்கள்? வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர் நாலு பேரிடம் சொன்னார்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835-லிருந்து இருக்கிறது. எம்எம்சி என்றால் டாக்டர்களுக்குத் தெரியும், சனங்களுக்கு அது ஜிஹெச். என் மச்சினி அங்கே படித்தபோது மாமியார் தெருவில் சொன்னது: “பொண்ணு ஜிஹெச்ல இருக்கா.” பதறிப்போய் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்கள்.

வடமராட்சியான்
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். எங்கட பக்கம் கதை முழுக்க வேறை. இங்கை ஏ/எல் எண்ட உயர்தரப் பரீட்சையில வாற இசட் ஸ்கோர் எண்ட தரப்புள்ளியை வைச்சு, எந்தப் பல்கலைக்கழகம் எண்டதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தீர்மானிக்கும். அதனால சனம் கேக்கிறது “எந்தக் கம்பஸ்?” எண்டில்லை, “மெடிசினோ, எஞ்சினியரிங்கோ?” எண்டுதான். மொறட்டுவை, பேராதனை எண்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

பெருமை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஐம்பது வயசு மனிசன்கூட முதல் சந்திப்பில “நீர் ஹாட்லியோ, யாழ் இந்துவோ?” எண்டு கேப்பார். யாழ் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் நடக்கிற கிரிக்கெட், வடக்கின் பெருஞ்சமர் எண்டு சொல்லுறது, அதுக்குக் கனடாவில இருந்தெல்லாம் லீவு போட்டு வருவினம். பல்கலைக்கழகத்துக்கு ஆர் அப்பிடி வருவினம்?

எடிசன்_வாசி
நியூ ஜெர்சியில் இருபது வருஷம். இங்கேயும் இதே கூத்துதான். பக்கத்து மாநிலத்தில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொடங்கிய பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இருக்கிறது, சுருக்கமாகப் பென். ஐவி லீக். அங்கே படிக்கிற பிள்ளையைப் பார்த்து, “ஓ, பென் ஸ்டேட்டா? இந்த வருஷம் ஃபுட்பால் டீம் எப்படி?” என்பார்கள். பென் ஸ்டேட் வேறு, அது மாநிலப் பல்கலைக்கழகம், சனிக்கிழமை டிவியில் வரும். நம்ம ஊரில் காலேஜ் பஸ், இங்கே ஃபுட்பால்.

வடிகட்டி_எச்ஆர்
கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன், ஆள் எடுக்கிற வேலையில் இருப்பதால்.

ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிற கம்பெனிகள் குறிப்பிட்ட கல்லூரிகளுக்குப் போகும், பி.இ. அல்லது பி.டெக். என்று விண்ணப்பத்திலேயே நிபந்தனை வைக்கும். அந்த வரிசையில் நின்றால் சிஎம்ஐ பி.எஸ்சி. சில இடங்களில் வாசலிலேயே நின்றுவிடும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அல்காரிதம், தரவு அறிவியல், நிதிக் கணிதம் என்று ஆள் தேடுகிற சின்னக் குழுக்களில் கதை வேறு. நான் இருந்த ஒரு குழுவில் சிஎம்ஐ என்ற சொல்லைப் பார்த்தாலே விண்ணப்பத்தை மேலே எடுத்து வைப்பார்கள், காரணம் நேர்காணல் செய்கிறவரே அங்கே படித்தவர்.

நீங்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு வேறொன்றை விசாரியுங்கள். அது மூன்று வருஷப் பட்டம். வெளிநாட்டில் சில முதுநிலைப் படிப்புகள் நாலு வருஷப் பட்டம் கேட்கும். அங்கேயே எம்.எஸ்சி. சேர்த்துப் படிப்பாளா, நேராக வெளியே போக நினைக்கிறாளா, இதைப் பெண்ணோடு உட்கார்ந்து பேசுங்கள். நாலு வருஷம் வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும் என்றால் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் (ஐஐஎஸ்சி) 2011-லிருந்து இளநிலைப் படிப்பு இருக்கிறது. (அதையும் பெங்களூரில் பழைய ஆட்கள் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’ என்றுதான் சொல்வார்கள். பஸ் ஸ்டாப் பெயரும் அதுதான்.)

வங்கி விஷயம்: சில வங்கிகள் கல்லூரிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வைத்திருக்கும். பட்டியலில் இல்லையென்றால் கடனே இல்லை என்று அர்த்தம் ஆகாது, வழக்கமான கல்விக் கடன் திட்டத்தில் கேட்கலாம். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், நிகர்நிலை அந்தஸ்துக்கான யுஜிசி ஆவணம், மூன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். வேறு கிளையிலும் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு_டீச்சர்
எச்ஆர் தம்பி சொன்ன மூன்று வருஷ விஷயம் முக்கியம். நான் உணர்ச்சிவசப்பட்டு அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

காவிரிக்கரை_அப்பா
எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், சேர்க்கை வேலையில் அலைச்சல்.

பெண் சிஎம்ஐயிலேயே சேர்ந்துவிட்டாள். மூன்று வருஷ விஷயத்தைக் கேட்டேன். “அதெல்லாம் யோசிச்சாச்சுப்பா, அங்கேயே எம்.எஸ்சி.” என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினாள். கடன் வேறொரு கிளையில் ஆனது. எச்ஆர் சார் சொன்ன மூன்று காகிதமும் உதவின.

முதல்_பட்டதாரி தம்பி எழுதியதைப் படித்த பிறகு அப்பாவையும் சிறுசேரிக்குக் கூட்டிப் போனேன். வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார். கட்டடம் சின்னது என்றார். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்டுப் போயிருந்த கணக்கை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் பக்கத்திலிருந்த கட்டடத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். டிசிஎஸ் என்றேன்.

நேற்று திண்ணையில் எதிர்வீட்டுக்காரர் கேட்டார், “பேத்தி எங்கே சேர்ந்திருக்கா?”

அப்பா நிதானமாக, “மெட்ராஸ். டிசிஎஸ்ஸுக்குப் பக்கத்துல” என்றார்.

“அட, அதுக்குள்ள வேலை கிடைச்சிருச்சா!” என்றார் அவர். அப்பா மறுக்கவில்லை.